அரபிக்கடலில் ஒரு லூஸ் காண்டாக்ட்

சரவணம்பட்டியில் படித்துவிட்டு எங்கள் பழைய கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மூன்று பேர், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். தண்ணீருக்குள் இறங்கும் கேபிளை இணைக்க இப்போது ஒரு ரெடிமேட் உறை வந்திருக்கிறதாம். கம்பிகளைச் சேர்த்து, உறையை மாட்டி, சூடு காட்டினால் சுருங்கிக் கவ்விக்கொள்கிறது. பையிலிருந்து எடுத்து எனக்குச் செய்தே காட்டினார்கள். அருமையான சாமான். எங்கள் காலத்தில் அது இருந்திருந்தால் என் முதுகுவலியில் பாதி இன்று இருக்காது.

காபி குடிக்கும்போது அவர்களில் ஒரு பெண் கேட்டது: "ஏனுங்க சார், போர்லயும் கெணத்துலயும் தவிர வேற எங்கியாச்சும் ஜாயிண்ட் எறக்கியிருக்கீங்களா?"

"அரபிக்கடல்ல எறக்கியிருக்கனுங்க அம்மணி," என்றேன். "திமிங்கிலம் பேசறதைக் கேக்கறதுக்கு."

மூன்று பேரும் மரியாதையாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். 'பெரியவர் நல்லாத்தான் இருந்தார், இப்பக் கொஞ்சம் ஒரு மாதிரி' என்று வெளியே போய்ப் பேசிக்கொள்வதற்கு முந்தைய சிரிப்பு. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

நான் பல்லடத்துக்காரன். அப்பா விசைத்தறி ஓட்டினார். எனக்குத் தறியில் மனம் ஒட்டவில்லை. ஐ.டி.ஐ.யில் ஒயர்மேன் படித்துவிட்டு, கோயமுத்தூர் கணபதியில் நீர்மூழ்கி மோட்டார் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். மூன்று வருஷம் செம்புக்கம்பி சுற்றினேன். நான்காவது வருஷம் ஜாயிண்ட் பகுதிக்கு மாற்றினார்கள். நான் படித்தது, பழகியது என்று சொல்லிக்கொள்ள இவ்வளவுதான். மீதியெல்லாம் போர்மேன் ராஜமாணிக்கம்.

அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. எல்லாரும் எல்லாருக்கும் 'ங்க' போடும் ஊர் எங்களது. ஆனால் போர்மேன் ஒரு பேச்சில் எத்தனை 'ங்க' போடுகிறார் என்று எண்ணிப் பார்த்தால் நாம் செய்த தப்பின் அளவு தெரிந்துவிடும். "ஆறுச்சாமி, இங்க வா" என்றால் டீ வாங்கிக் கொடுக்கப் போகிறார் என்று அர்த்தம். "ஏனுங்க ஆறுச்சாமிங்க, கொஞ்சம் இப்படி வாரீங்களாங்க" என்றால் தப்பு பெரியது. கெட்டுப்போன ஜாயிண்ட் ஏதாவது திரும்பி வந்தால் அதை ஒரு எவர்சில்வர் டம்ளர் தண்ணீரில் போட்டு, போட்டவனுடைய மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். அன்று முழுக்க அது அங்கேயே இருக்கும். பக்கத்து மேஜைக்காரன்கூட எட்டிப் பார்த்துவிட்டு, "தாகமா இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவான்.

ஜாயிண்ட் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆழ்குழாய்க் கிணற்றுக்குள் இறங்கும் மோட்டாரோடு கொஞ்சம் ஒயர்தான் வரும். தரை மட்டம் வரைக்கும் போகிற நீளமான கேபிளை அதோடு சேர்க்க வேண்டும். அந்த இணைப்பு வருஷக்கணக்கில் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். ஒரு சொட்டு ஈரம் உள்ளே போனாலும் மோட்டார் புகைந்துவிடும்.

ஆகவே முதலில் கை கழுவ வேண்டும். துடைத்து, மின்விசிறியில் காட்டி, பவுடர் போட்டுக்கொள்ள வேண்டும். வியர்வையில் இருக்கிற உப்பு ஜாயிண்டுக்கு எமன். வடை தின்ற கையோடு வந்து உட்கார்ந்த ஒருவரைப் போர்மேன் அரை நாள் லீவில் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். பிறகு மேல் தோலைச் சீவி, உள்ளே இருக்கும் கம்பிகளை நீளம் மாற்றி மாற்றி வெட்ட வேண்டும். அப்போதுதான் இணைப்புகள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் படிக்கட்டு மாதிரி அமையும். செம்பை உப்புத்தாளால் தேய்த்து, முறுக்கி, ஈயம் வைத்து, ஆறவிட வேண்டும். ரப்பர் டேப்பை இழுத்து இழுத்து, ஒரு சுற்றின் பாதிமேல் அடுத்த சுற்று ஏறும்படி சுற்ற வேண்டும். அதன்மேல் பிளாஸ்டிக் டேப். எல்லாம் முடிந்ததும் ஒரு ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் மெக்கர் வைத்துப் பார்க்க வேண்டும். மின்சாரம் எங்கேயாவது கசிகிறதா என்று காட்டும் கைப்பெட்டி அது.

இத்தனைக்கும் மேலே அவருக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. "சந்தேகம் வந்துச்சுன்னா வெட்டிப்போடுங்க. சந்தேகத்தோட ஒண்ணையும் தண்ணிக்குள்ள எறக்கப்படாது." இந்தச் சட்டம்தான் பின்னால் என் மானத்தை வாங்கியது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தை மாதம். மதுக்கரையில் ஒரு தோட்டத்தில் பழைய மோட்டாரை மேலே தூக்கிக்கொண்டிருந்தோம். தோட்டத்துச் சொந்தக்காரருடைய தங்கை ஊருக்கு வந்திருந்தார். பெயர் லில்லி. கொச்சியில் கடல் ஆராய்ச்சி வேலை, டாக்டர் பட்டம் வாங்கியவர். கோயமுத்தூரிலேயே படித்து வளர்ந்தவர் என்பதால் நம்மைப் போலவே பேசினார். குழாய்களோடு ஏறி வந்த ஜாயிண்டைக் கையில் எடுத்து, நகைக்கடையில் வளையல் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எத்தனை வருஷமா தண்ணிக்குள்ள கெடக்குது?"

"ஏழு வருஷமிருக்குமுங்க."

"உள்ள ஈரம் போயிருக்குமா?"

எங்கள் ஜாயிண்டைப் பார்த்துக் கேட்கக்கூடாத கேள்வி. கத்தியை எடுத்து அங்கேயே பிளந்து காட்டினேன். உள்ளே செம்பு காய்ந்து கிடந்தது. டாக்டரம்மா செம்பை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "உப்புத் தண்ணியில தாங்குமா?" என்றார்.

அவருடைய கதை இது. கடலுக்குள் இறக்குகிற மைக் ஒன்று அவரிடம் இருந்தது. திமிங்கிலங்கள் தண்ணீருக்குள் எழுப்பும் சத்தத்தைப் பதிவு செய்ய அதை ஆழத்தில் தொங்கவிட வேண்டும். மைக்கோடு வந்த ஒயர் குட்டை, அதோடு நீளமான கேபிளைச் சேர்த்தால் சேர்த்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிடுகிறது. இரண்டு முறை படகெடுத்துப் போய், இரண்டு முறையும் வெறும் கொரகொரப்போடு திரும்பியிருந்தார்.

"இன்னும் ஒரு தடவைதான் விடுவாங்க," என்றார். "இப்பவும் ஒண்ணும் கெடைக்கலீன்னா என்னை மேஜையில உக்கார வெச்சு, கருவாட்டைப் பத்தி அறிக்கை எழுதச் சொல்லிருவாங்க."

அடுத்த வாரமே பட்டறைக்கு வந்து போர்மேனைப் பார்த்தார். போர்மேன் திமிங்கிலத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. எவ்வளவு ஆழம், எவ்வளவு இழுவை, ஒரு குடம் கடல் தண்ணீரில் எத்தனை கைப்பிடி உப்பு, இவற்றைத்தான் கேட்டார். டாக்டரம்மா சொன்ன கணக்குக்குக் கல்லுப்பைக் கரைத்து, நான் போட்ட ஜாயிண்டை அதில் மூன்று நாள் ஊறவைத்தோம். மெக்கரில் முள் அசையவில்லை. போர்மேன் முகமும் அசையவில்லை. "ஆறுச்சாமியும் கூட வருவாருங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா பாத்துக்குவாரு," என்றார். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

வீட்டில் மனைவி மட்டும் கேட்டாள். "கெணத்தை எட்டிப் பாத்தாலே தலை சுத்துதுன்னு சொல்ற ஆளு, அஞ்சு நாளு கடல்ல என்னங்க பண்ணப்போறீங்க? நீச்சல் தெரியுமான்னு அந்தம்மா கேட்டாங்களா?"

"கேக்குலியே."

"நீங்களாச்சும் சொன்னீங்களா?"

"அவிய கேக்குலியே."

கொச்சியில் ஒரு மரப்படகை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். ஆறு பேர் போனோம். டாக்டரம்மா, நான், ஒரு சமையல்காரர், இரண்டு படகாட்கள், படகை ஓட்டும் சூசை. சூசை கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். சுறா பிடிக்க ஆழ்கடலுக்குப் போய்ப் பழகியவர், என்னைவிடப் பத்து வயது பெரியவர். படகில் கால் வைத்ததுமே என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தரையப் பாக்காத மக்களே. தூரத்துல வானமும் கடலும் சேருத எடத்தைப் பாரு. வயிறு அடங்கிரும்." ஒரே ஆளைக் கூப்பிட்டாலும் அவர் ஊரில் 'மக்களே'தான்.

நான் தரையைத்தான் பார்த்தேன். வீட்டில் கட்டிக்கொடுத்த அரிசிம்பருப்புச் சாதம் துறைமுகத்தைத் தாண்டி அரை மணி நேரத்தில் அரபிக்கடல் மீன்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு சூசை சொன்ன இடத்தையே இரண்டு நாள் விறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்ததால் பல அதிசயங்கள் தாமாகவே கண்ணில் பட்டன. பச்சையாக இருந்த தண்ணீர் நீலமாகி, பிறகு புது ஜீன்ஸ் துணி மாதிரி கருநீலமானது. விரல் நீள மீன்கள் தண்ணீரிலிருந்து கிளம்பி, தட்டான்பூச்சி மாதிரி பறந்து போய் விழுந்தன. ஒன்று வழி தவறிச் சமையல்காரரின் சட்டிக்குள்ளேயே விழுந்தது. தூங்கிக்கொண்டு மிதந்த ஓர் ஆமையின் முதுகில் ஒரு பறவை, பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல நின்றுகொண்டிருந்தது. இரண்டாம் நாள் காலை ஓங்கல் கூட்டம் வந்தது. டால்பினை அவர்கள் ஓங்கல் என்கிறார்கள். படகின் மூக்குக்கு முன்னால் ஓடி ஓடி, ஒன்றையொன்று முந்திக்கொண்டு, எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் விளையாடிவிட்டுப் போயின. வாந்தி வந்ததை மறந்து நானும் கைதட்டினேன்.

ஆனால் டாக்டரம்மா தேடியது அதை இல்லை. உடம்பில் மூன்றில் ஒரு பங்கு தலையாகவே இருக்கும் ஒரு பெரிய திமிங்கில வகை. கணவாய் பிடித்துத் தின்பதற்காக ஆழத்துக்கு மூழ்கும். வெளிச்சமே போகாத அந்த இடத்தில் சத்தம் எழுப்பி, அது பட்டுத் திரும்பி வருவதை வைத்துத்தான் இரையைக் கண்டுபிடிக்கும்.

மணிக்கு ஒருமுறை எஞ்சினை நிறுத்துவோம். மைக்கை இறக்குவோம். பத்து நிமிஷம் கேட்டுவிட்டு, கேட்டதை நோட்டில் எழுதுவோம். அந்தப் பத்து நிமிஷமும் படகில் யாரும் அசையக்கூடாது. பலகைமேல் ஒருவர் காலை மாற்றி வைத்தால் ஹெட்போனில் யானை நடப்பதுபோலக் கேட்கும். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சமையல்காரர் கத்தியைத் தூக்கியபடியே உறைந்து நிற்பார், கண்ணீர் மட்டும் வழியும். நோட்டில் 'ஒன்றுமில்லை' என்று எழுதுவோம். எழுதி எழுதி இரண்டு பக்கம் நிரம்பிவிட்டது. 'மேற்படி' என்று போட்டால் ஆகாதா என்று கேட்டேன். "கூடாது. ஒவ்வொரு தடவையும் புதுசாக் கேட்டுத்தான் ஒண்ணுமில்லைன்னு எழுதணும்," என்றார் டாக்டரம்மா. எங்கள் போர்மேனுக்குச் சொந்தக்காரராக இருப்பாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மதியம். விடியற்காலையிலிருந்து வெயிலில் நின்ற டாக்டரம்மா, "அரை மணி நேரம் கண்ணை மூடிக்கறேன். ஏதாவது கேட்டா எழுப்புங்க," என்று சொல்லிவிட்டுக் கீழே போனார். நேரமானதும் சூசை எஞ்சினை நிறுத்தினார். நான் மைக்கை இறக்கி, ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

டக். டக். டக். டக்.

ஹெட்போனை இரண்டு கையாலும் காதில் அழுத்தினேன். இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். முறுக்கு தளர்ந்த கம்பி, தொட்டுத் தொட்டு விடுகிற சத்தம். படகு ஆடுகிறது, கேபிள் இழுபடுகிறது, உள்ளே ஈயம் விட்டுப்போயிருக்கிறது. அசல் லூஸ் காண்டாக்ட். மூன்று நாள் உப்பில் ஊறவைத்தும், நடுக்கடலில் என் ஜாயிண்ட் என்னைக் கைவிட்டுவிட்டது.

இருந்தாலும் அவசரப்படவில்லை. முறைப்படி சோதித்தேன். மேலே கேபிளைப் பிடித்து நன்றாக ஒரு குலுக்குக் குலுக்கினேன். டக் டக் நின்றுபோனது. இன்னும் ஒரு நிமிஷம் கேட்டேன். வரவே இல்லை. ஆட்டினால் நிற்கிற சத்தம் லூஸ் காண்டாக்ட் இல்லாமல் வேறு என்ன?

டாக்டரம்மாவை எழுப்பியிருக்க வேண்டும். 'ஏதாவது கேட்டால்' என்றுதான் அவர் சொன்னார். ஆனால் எழுப்பி என்ன சொல்வது? 'உங்க மூணாவது பயணத்தையும் கெடுத்துப்போட்டனுங்க' என்றா? அவர் எழுவதற்குள் சரிசெய்துவிட்டால் யாருக்கும் தெரியாது. கேபிள் முழுவதையும் மேலே இழுத்தேன். சந்தேகம் வந்துச்சுன்னா வெட்டிப்போடுங்க. வெட்டிப்போட்டேன்.

உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஈயம் உறுதியாகப் பிடித்திருந்தது. செம்பு, கல்யாண வீட்டுச் சொம்பு மாதிரி பளபளவென்று என்னைப் பார்த்துச் சிரித்தது. அதைவிட நல்ல ஜாயிண்டை நான் அதற்கு முன்னும் போட்டதில்லை, பின்னும் போட்டதில்லை.

அந்த நேரத்தில்தான் கூரைமேல் நின்ற சூசை கத்தினார். "டாக்டரே! ஊதுது! அங்கன ஊதுது!"

தூரத்தில் வெயில் கூசும் இடத்தில் திமிங்கிலத்தின் மூச்சு புகை மாதிரி சாய்ந்தாற்போல் எழும்பிக் கரைந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு. டாக்டரம்மா செருப்பில்லாமல் ஓடிவந்தார். "ஆறுச்சாமி, மைக்கை எறக்குங்க, சீக்கிரம்!" என்று கையை நீட்டியவர், அப்படியே நின்றார்.

என் இடது கையில் மைக். வலது கையில் கேபிள். பல்லுக்கு நடுவில் கத்தி.

"என்ன பண்ணீங்க?"

கத்தியை எடுத்துவிட்டுச் சொன்னேன். "லூஸ் காண்டாக்டுங்க டாக்டரம்மா. டக்கு டக்குன்னு ஒரே சத்தமுங்க. கேபிளை ஆட்டினனுங்க, நின்னுபோச்சுங்க. அதனாலதானுங்க..."

அவர் ஒரு கயிற்றுச் சுருளின்மேல் உட்கார்ந்தார். "அந்தச் சத்தம் எப்படி இருந்துச்சு? தட்டிக் காட்டுங்க."

பலகையில் விரல் முட்டியால் தட்டிக் காட்டினேன். அவர் முகம் ஒரு மாதிரி கோணியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. "நாலு வருஷமா நான் தேடிட்டிருக்கிற சத்தம் அதுதான் ஆறுச்சாமி. அது மேல வர்றதுக்கு முன்னால நிறுத்திரும். நீங்க கேபிளை ஆட்டினதும் அது நிறுத்தினதும் ஒரே நேரத்துல நடந்திருக்குது."

கடலில் குதித்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நீச்சல் தெரியாது என்று ஞாபகம் வந்ததால் நின்றுவிட்டேன்.

டாக்டரம்மா மூச்சை இழுத்துவிட்டு எழுந்தார். பேச்சு மாறிவிட்டது. "கேளுங்க. மேல பத்து நிமிஷம் கெடந்து மூச்சு வாங்கும். அப்புறம் மறுபடி மூழ்கும். கீழ போனதும் திரும்ப ஆரம்பிக்கும். ஜாயிண்ட் போட எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு மணி நேரமுங்க. பொறவு ஒரு ராத்திரி ஊறோணுமுங்க."

"பத்து நிமிஷம்."

என் கையைப் பார்த்தேன். வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. காற்றில் உப்பு, தண்ணீரில் உப்பு, என் உடம்பு முழுக்க உப்பு. போர்மேன் பார்த்திருந்தால் படகையே டம்ளரில் போட்டிருப்பார்.

"பவுடர் இருக்குதுங்களா?"

டாக்டரம்மா தன் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து என் இரண்டு கையிலும் கவிழ்த்தார். சமையல்காரர் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்து, ஈயம் வைக்கும் கோலைச் சூடேற்றினார். இரண்டு படகாட்களும் தார்ப்பாயை விரித்துப் பிடித்து, தண்ணீர் தெறிக்காமல் ஒரு சின்ன அறை கட்டினார்கள். படகு ஆடிய ஆட்டத்தில் என்னால் உட்காரவே முடியவில்லை. சூசை இறங்கிவந்து எனக்குப் பின்னால் உட்கார்ந்து, பைக்கில் பின்னால் உட்கார்ந்தவர் மாதிரி என் இடுப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நீ வேலையப் பாரு மக்களே. படகு ஆடினா நான் ஆடிக்கிடுதேன்," என்றார்.

எதை விடுவது, எதை விடக்கூடாது என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். கம்பிகளைப் படிக்கட்டாக வெட்டுவதை விடவில்லை. செம்பைத் தேய்ப்பதை விடவில்லை. ஈயத்தை ஆறவிடும் நேரத்தைப் பாதியாக்கினேன், சமையல்காரர் விசிறினார். ரப்பர் டேப்பை முறைப்படி இழுத்துச் சுற்றினேன். வெளியே வரவேண்டிய பிளாஸ்டிக் டேப்பில் மூன்று அடுக்குக்குப் பதில் ஒன்றுதான் போட்டேன்.

"வால் தூக்குது!" என்று படகாள் ஒருவர் கத்தினார். மூழ்கப்போகிறது என்று அர்த்தம். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒரு மணி நேரமுங்க. அதுக்கு மேல நான் பொறுப்பில்லீங்க."

மைக் இறங்கியது. டேப் ரிக்கார்டர் சுழல ஆரம்பித்தது. டாக்டரம்மா ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். சமையல்காரர் விசிறியைத் தூக்கியபடியே நின்றார். சூசை என் இடுப்பை விட மறந்துபோயிருந்தார். ஒரு நிமிஷம். இரண்டு. மூன்று. ஜாயிண்ட் போச்சு என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

டாக்டரம்மாவின் விரல் மட்டும் முழங்காலில் தட்ட ஆரம்பித்தது. டக். டக். டக்.

அவர் அழுதார். இந்த முறை சந்தேகமில்லை, அழுகைதான். ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் திருப்பி என் காதில் வைத்தார். ஆளுக்கு ஒரு காதாகக் கேட்டோம். முதலில் ஒரே ஒரு டக் டக். பிறகு அதன் இடைவெளியில் இன்னொன்று. கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் சன்னமாக மற்றொன்று. கேட்கக் கேட்க நானும் கண்ணை மூடிக்கொண்டேன். இது பல்லடத்தில் எங்கள் தெரு. காலையில் ஒரு வீட்டில் தறி ஓட ஆரம்பிக்கும், பிறகு எதிர்வீடு, பிறகு கோடி வீடு. சின்ன வயதில் படுக்கையில் கிடந்தபடியே எத்தனை தறி ஓடுகிறது, எது நின்றுபோனது என்று சொல்லுவேன். அப்பா நூல் மாற்ற எங்கள் தறியை நிறுத்தினால் தூக்கத்திலும் விழிப்பு வந்துவிடும்.

"அஞ்சு ஓடுதுங்க," என்றேன்.

"என்னது?"

"அஞ்சு இருக்குதுங்க டாக்டரம்மா."

"நாங்க பாத்தது மூணுதானே?"

"மூணு கிட்ட இருக்குதுங்க. ரெண்டு தூரத்துல. ஒண்ணு கொஞ்சம் மெதுவா ஓடுது, வயசான தறியாட்டம்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நல்ல ஜாயிண்டை வெட்டிய ஆளை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற பார்வை அது. ஆனாலும் நோட்டில் எழுதிக்கொண்டார். 'கண்ணில் மூன்று. ஆறுச்சாமி காதில் ஐந்து.'

முக்கால் மணி நேரம் கேட்டோம். பிறகு ஒவ்வொன்றாக நின்றன. "மேல வருதுங்க!" என்று நான்தான் சொன்னேன். அதுவரை மைக் கேபிள் படகில் உரசாமல் கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன், நகர முடியாது. டாக்டரம்மா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நான் எத்தனையோ தடவை பாத்திருக்கேன். போங்க, போய்ப் பாருங்க."

படகின் ஓரத்துக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீருக்கு அடியில் ஏதோ வெளுத்தது. பிறகு கடலே கொஞ்சம் மேடாகிப் பிளந்ததுபோல அது எழுந்தது. சுருக்கம் விழுந்த சாம்பல் தோல். ஒரு லாரி நீளத்துக்குக் குறையாது. இடது பக்கமாகச் சாய்ந்து புஸ்ஸென்று ஊதியது. வாடை மூக்கைத் துளைத்தது, மூன்று நாள் மீன்கூடை மாதிரி. அடுத்தது எழுந்தது. அதற்கடுத்தது. எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. இவ்வளவு பெரியவர்கள் இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கும்போது சும்மா இருக்க மனம் வரவில்லை.

"வாங்க," என்றேன். "வாங்க, வாங்க."

சூசை எனக்குப் பின்னால் நின்று விரலை மடக்கிக்கொண்டிருந்தார். "ஒண்ணு... ரெண்டு... மூணு. அங்கன நாலு." கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தூரத்தில், மற்றவை எல்லாம் எழுந்து வெகுநேரம் கழித்து, மெதுவாக ஒரு புகை எழும்பியது. "அஞ்சு!" என்று கத்தி, சூசை என் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டார். அதற்கு ஒரு வாரம் தைலம் தேய்த்தேன்.

அடுத்த முறை அவை மூழ்கியபோது ஹெட்போனில் எண்ணெயில் வடகம் பொரிவது மாதிரி சத்தம் வந்தது. "இது தண்ணி எறங்கற சத்தமுங்க," என்று சொன்னேன். இந்தத் தடவை டாக்டரம்மா தானே கேட்டுப் பார்த்த பிறகுதான் என்னைக் கத்தி எடுக்கவிட்டார். மீதி இரண்டு நாளும் முறைப்படி போட்டு, ஊறவைத்த ஜாயிண்டோடு போனோம். திமிங்கிலம் ஒன்றும் வரவில்லை. புதிதாகக் கேட்டு, 'ஒன்றுமில்லை' என்று எழுதினோம். ஆனால் டாக்டரம்மா நாள் முழுக்கப் பாடிக்கொண்டே இருந்தார். கருவாட்டு அறிக்கை அவர் எழுத வேண்டி வரவில்லை.

ஊருக்கு வந்து போர்மேனிடம், "நல்லபடியா முடிஞ்சுதுங்க," என்று மட்டும் சொன்னேன். நல்ல ஜாயிண்டை வெட்டியதைச் சொல்ல வாய் வரவில்லை. தினமும் என் மேஜையைப் பார்த்துக்கொண்டே உள்ளே நுழைவேன். ஒரு மாதம் இப்படியே ஓடியது. பிறகு டாக்டரம்மா பட்டறை விலாசத்துக்கு ஒரு கேசட் அனுப்பினார். இனிமேலும் மறைக்க முடியாது என்று அதை எடுத்துக்கொண்டு போர்மேனிடம் போனேன்.

"பாட்டுங்களா?" என்றார்.

"கடல்ல புடிச்சதுங்க. கேளுங்க, பொறவு உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க."

பட்டறையில் மத்தியான நேரத்தில் பாட்டுக் கேட்கும் டேப் ரிக்கார்டரில் அதைப் போட்டோம். போர்மேன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, காதை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். புருவம் நெரிந்துகொண்டே போனது. நிமிர்ந்தார்.

"இது நம்ம ஜாயிண்டுலங்களா புடிச்சுது?"

"ஆமாங்க."

"ஏனுங்க ஆறுச்சாமிங்க, இது லூஸ் காண்டாக்டு இல்லீங்களா? இத்தனை சத்தம் காதுல உழுந்தும் வெட்டாம எப்படிங்க உட்டீங்க?"

'ங்க'வை எண்ணிக்கொண்டே வந்தேன். பெரிய தப்புத்தான்.

"வெட்டினனுங்க," என்றேன்.

"வெட்டி, மறுக்காப் போட்டுமா இப்படிக் கேக்குது?"

"ஆமாங்க. அது திமிங்கிலமுங்க. உள்ள ஜாயிண்டு நல்லாத்தான் இருந்துச்சுங்க. எனக்குத் தெரியிலீங்க."

போர்மேன் டேப் ரிக்கார்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் டேப் ரிக்கார்டரைப் பார்த்தார். பட்டறையில் எல்லாரும் கை வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மறுக்காப் போடு," என்றார்.

ஜாயிண்டைத்தான் சொல்கிறார் என்று நினைத்து நான் கத்தியை எடுக்கத் திரும்பினேன். அவர் என் தோளைப் பிடித்து நிறுத்தி, கேசட்டைக் காட்டினார். பிறகு தானே எழுந்துபோய், தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.